கறி கழுவிய தண்ணீர்

அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றியது நான்தான். பின்னால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். வடக்கத்திப் பையன்கள் கொண்டுவந்த சீக்கு என்றார்கள். ஓடையில் வந்த சாயத் தண்ணீர் என்றார்கள். யாரோ வயிற்றெரிச்சலில் மருந்து வைத்துவிட்டார்கள் என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. எல்லாம் பொய். என் கையால் ஊற்றினேன். ஊற்றும்போதே எனக்குப் பாதி தெரியும்.

திருப்பூருக்குத் தெற்கே, ஊர் எல்லை முடிகிற இடத்தில் ஓடையை ஒட்டி எங்கள் சந்து. மூன்று வீடுகளில் பன்றி வளர்த்தோம். முதல் வீடு என் அண்ணனுடையது. சுவர் ஒட்டி அடுத்தது எங்கள் வீடு. ஓடைக்கு அந்தப் பக்கம் தெற்கத்திச் சீமையிலிருந்து பிழைக்க வந்த ஒருவர் பட்டி போட்டிருந்தார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். அதை விட்டுவிட்டு முழுநேரமாகப் பன்றிக்கு வந்துவிட்டார். மூலனூர் பக்கத்துத் தோட்டக்காரர்கள் அவரிடம் வந்து குட்டி வாங்கிப் போவார்கள். எங்கள் மூன்று பேரில் அவர் பட்டிதான் பெரியது, சுத்தமானதும் அதுதான்.

தீவனத்துக்கு நாங்கள் அலைந்ததில்லை. கம்பெனி மெஸ்களில் மீந்த சோறும் குழம்பும் டிரம் டிரம்மாக வரும். கறிக்கும் ஆள் தேடியதில்லை. அஸ்ஸாம், ஒடிசா பையன்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கேரி பேக்கோடு வந்து நிற்பார்கள். கொழுப்பு அதிகமாகப் போடச் சொல்லி இந்தியில் கேட்பார்கள். அண்ணன் "சர்பி ஹை, சர்பி ஹை" என்று தனக்குத் தெரிந்த ஒரே இந்தியைச் சொல்லிக்கொண்டே வெட்டுவார்.

இரண்டு வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்திருந்தோம். அறுக்கிற அன்றைக்கு மற்ற இரண்டு வீடும் வந்து வேலை செய்ய வேண்டும். காலைக் கட்டுவது, குத்துவது, தென்னை ஓலை போட்டு முடி பொசுக்குவது, சுடுதண்ணீர் ஊற்றித் தோலைச் சுரண்டுவது என்று வேலை இருக்கும். கூலி கிடையாது. கறி கழுவிய தண்ணீர், ரத்தமும் கொழுப்பும் குடல் வழித்ததும் கலந்தது, அடுத்த முறைக்காரர் வீட்டுப் பன்றிக்குப் போகும். கொதிக்க வைக்க மாட்டோம். அப்படியே குடத்தில் பிடித்துக் கொடுப்போம். அந்தத் தண்ணீர் குடித்த பன்றி ஒரே வாரத்தில் முதுகு அகலும் என்பது எங்கள் கணக்கு. அறுப்பதற்கு முன்பே அடுத்த முறைக்காரர் தன் குடத்தைக் கொண்டுவந்து வைத்துவிடுவார். வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. சொன்னால் உன் பன்றி சீக்குப் பன்றி என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்வதாக அர்த்தம். எங்கள் ஊரில் நாய்க்குக்கூட 'ங்க' போட்டுப் பேசுவார்கள். அப்படிச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

என்னிடம் இருந்தது ஒரு தாய்ப்பன்றி மட்டும்; என் முறை வந்தால் வெளியில் ஒன்று வாங்கி அறுப்பேன். வெள்ளைப் பன்றி, மூன்றாவது ஈற்று. கார்த்திகை பிறந்ததும் குட்டி போட வேண்டியது. அந்தக் குட்டிகளை நம்பித்தான் ஒரு முடிவு எடுத்திருந்தேன். பதினாறு வருஷமாக ஒரே கம்பெனியில் செக்கிங். டியூப் லைட்டுக்குக் கீழே மேசை. பனியனை விரித்து, திருப்பி, ஓட்டை இருக்கா, எண்ணெய்க் கறை இருக்கா, ஊசி வெட்டு இருக்கா என்று பார்க்க வேண்டும். ஒன்றரை ஷிப்டு, நின்றபடி. கெண்டைக்காலில் நரம்பு கயிறு திரித்த மாதிரி புடைத்துக்கொண்டது. இனி நின்றால் புண்ணாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த ஈற்றில் பெட்டைக் குட்டிகளை விற்காமல் நிறுத்திக்கொண்டால் வீட்டிலேயே பிழைத்துக்கொள்ளலாம். பொங்கலுக்குப் பிறகு வரமாட்டேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லியும் விட்டேன். அவன் சிரித்தான். "பன்னி மேய்க்கப் போறீங்களாக்கா?" என்றான். "ஆமாண்டா, இங்க மேய்க்கறதுக்கு அது தேவல" என்றேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் வீட்டு முறை. விடிந்தும் விடியாமலும் போனேன். கட்டிப் போட்டிருந்த பன்றி கத்தவில்லை. கட்டும்போது பன்றி கத்துகிற கத்தலில் ஓடைக்கு அந்தப் பக்கம் கோழி பறக்கும். இது மூச்சை மட்டும் இழுத்துக்கொண்டு கிடந்தது.

"ஏனுங்ணா, இது ரெண்டு நாளா திங்கலைன்னு நங்கை சொன்னாங்களே?" என்றேன். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்றுதான் கூப்பிடுவோம்.

"மழைக்குச் சளி அம்மிணி. உனக்குப் புடிக்கறதில்லையா?"

"எனக்குச் சளி புடிச்சா என்னைய அறுப்பீங்களா?"

"உன்னைய அறுத்தா ஒரு கிலோ தேறாது. ஓலையை எடு."

சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். ஆனால் காதைப் பார்த்துவிட்டேன். காது நுனி ஊதா நிறத்தில் இருந்தது. அடிவயிற்றிலும் திட்டுத் திட்டாகச் சிவப்பு. பதினாறு வருஷம் கறை பார்த்த கண் இது. தப்பாது. அண்ணன் குத்தினார். ரத்தம் வழக்கம்போலப் பீய்ச்சவில்லை, கறுப்பாக வழிந்தது. ஓலையைக் கொளுத்திப் போட்டதும் தோல் கரியாகிவிட்டது. அதற்குப் பிறகு எந்தக் கொம்பனாலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. சீக்குப் பன்றியை ஏன் அவசரமாகப் பொசுக்குகிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

வயிற்றைக் கீறினார். மண்ணீரல் என்பது பன்றிக்கு ஒரு நாக்கு மாதிரி இருக்கும், மெல்லிசாக, நீளமாக. இது உப்பி, கறுத்து, தொட்டால் பிய்கிற மாதிரி இருந்தது. அண்ணன் அதை அறுத்து நெருப்பில் போட்டார். போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் குனிந்து பேசினைத் தேய்த்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. சாகப்போகிற பன்றியைச் சாவதற்குள் குத்திவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிறதுதான். நானும் செய்திருக்கிறேன். செத்தால் குழி, குத்தினால் கறி.

எட்டரை மணிக்குக் கறி தீர்ந்துவிட்டது. நங்கை என் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்தார். "இந்தா அம்மிணி. உன்ற தாய்ப்பன்னிக்கு. வயித்துல இருக்கறதுகளுக்கும் சேர்த்துத்தான் நெறையாப் புடிச்சிருக்கறேன்."

"வெச்சுட்டுப் போங்க, அப்பறம் ஊத்திக்கறேன்."

"ஆறிப் போச்சுன்னா கொழுப்புக் கட்டிக்கும். இப்பவே ஊத்து, நானும் பாக்கறேன்."

ஓடையில் கவிழ்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் நின்றார். வெள்ளந்தியான மனுஷி. தன் பன்றிக்குச் சளி என்று உண்மையாகவே நம்பினார். "ஏனுங்க, இது வேண்டாமுங்க" என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மரியாதை. எழவெடுத்த மரியாதை. குடத்தைச் சாய்த்தேன். தாய்ப்பன்றி மூக்கை உள்ளே விட்டு உறிஞ்சியது. வால் ஆடியது. நங்கைக்குச் சந்தோஷம். "பாரு, எப்படிக் குடிக்குதுன்னு" என்றார்.

திங்கள், செவ்வாய் ஒன்றுமில்லை. தினமும் கம்பெனி வேன் ஏறுவதற்கு முன்னால் பட்டிக்குள் போய்க் காதைத் தொட்டுப் பார்ப்பேன். சூடில்லை. தொட்டி நக்கித் துடைத்தமாதிரி காலியாக இருக்கும். அப்பாடா என்று இருக்கும். ஆனால் புதன்கிழமை அண்ணன் பட்டியில் சத்தமே இல்லை. சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். மீதி மூன்று பன்றியும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டு நடுங்கின. சோறு அப்படியே புளித்துக் கிடந்தது, மேலே ஈ.

வெள்ளிக்கிழமை ஒன்று செத்தது. சனிக்கிழமை இன்னொன்று. அண்ணன் குழி வெட்டவில்லை. வெட்டினால் பார்ப்பார்கள் இல்லையா? கட்டிங் வேஸ்ட் வருகிற பெரிய சாக்கில் போட்டுக் கட்டி, ராத்திரி சந்து அடங்கிய பிறகு ஓடையில் தள்ளிவிட்டார். மறுநாள் நாய்கள் சாக்கைக் கிழித்து இழுத்தன. கலர் கலராக பனியன் துண்டும் நடுவே பன்றிக் காலும் எங்கள் பக்கக் கரையில் கிடந்தன. சந்துக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் காதர்பேட்டை பனியன் கடைகளில் பேல் மூட்டை தூக்குகிறவர். அதிகம் பேசமாட்டார். அன்றைக்குச் சாப்பிடும்போது சொன்னார். "கேரளாவுக்கு லோடு ஏத்தற டிரைவர் ஒருத்தன் சொன்னான். அங்க ஒரு பட்டியில இந்தச் சீக்கு வந்துச்சுன்னு சுத்துவட்டாரத்துல இருந்த பன்னியப் பூராவும் கொன்னு குழியில போட்டுட்டாங்களாமா. நல்லா இருந்ததையும் சேர்த்து."

"மருந்து இல்லையாமா?"

"இருந்தா எதுக்குக் கொல்றான்?"

அதற்குப் பிறகு கம்பெனியில் என் கண்ணுக்கு எந்தப் பனியனும் தெரியவில்லை. கறையோடு போன பீஸ்களை சூப்பர்வைசர் தூக்கி மேசையில் எறிந்தான். "அக்கா, கண்ணு எங்க இருக்கு?" என்றான். அவனைப் பளார் என்று அறையலாம்போல இருந்தது. நாள் எண்ணிக்கொண்டு நின்றேன். எட்டு. ஒன்பது. பத்தாவது நாள் தப்பிவிட்டது என்று நினைத்தேன்.

பதினோராம் நாள் காலையில் தொட்டியில் சோறு பாதி இருந்தது. காது கொதித்தது.

மறுநாள் விடிகாலையில் பட்டிக்குப் போனபோது அது எழுந்திருக்கவில்லை. பின்னால் குட்டிகள் கிடந்தன. பதினொன்று. முடி முளைக்காத, கண் திறக்காத, பழுப்பு நிறத்தில் பனியன் சுருட்டிப் போட்ட மாதிரி. ஒன்றும் அசையவில்லை. தாய் தலையைத் திருப்பி மோந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் தலையைத் தரையில் போட்டது. நான் அழவில்லை. கோபம் வந்தது. அண்ணன்மேல், நங்கைமேல், என்மேல், இந்தச் சந்தின்மேல். ஒரு பிளாஸ்டிக் கூடையில் குட்டிகளை அள்ளினேன். என் வீட்டுக்காரர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை அண்ணன் வந்தார். கையில் கத்தி. அவருடைய பட்டி அதற்குள் காலி.

"நாளைக்கு உன்ற முறை அம்மிணி. வெடியறதுக்குள்ள குத்திரலாம். இன்னும் ஒரு நாள் தாங்கும்."

"இது சீக்குங்ணா."

"சீக்குத்தான். ஆரு இல்லைன்னது? மனுசனுக்கு ஒண்ணும் பண்ணாது. நம்முளதத் தின்ன பையங்க பூரா வேலைக்குப் போய்ட்டுத்தான் இருக்கறானுங்க. ஒருத்தனுக்கு வயித்தால போச்சா?"

"கறியை உடுங்க. தண்ணி?"

இரண்டு பேருக்கும் தெரியும். என் வீட்டுக்கு அடுத்த முறை ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரருடையது. அவர் பட்டிக்குச் சீக்குப் போனால் அங்கிருந்து குட்டியோடு மூலனூர் தோட்டங்களுக்குப் போகும். அங்கிருந்து எங்கே போகுமோ.

"தண்ணியில்லைன்னு சொல்லிரலாம். கொட்டிப் போச்சுன்னு" என்றார்.

"கறி அறுத்த வீட்டுல தண்ணியில்லைன்னா அவருக்குத் தெரியாதா? அவுரு என்ன சின்னக் கொழந்தையா?"

"அப்பக் குடுத்துரு" என்றார் அண்ணன். "நமக்கு வந்தது அவிங்களுக்கும் வரட்டும். நாம மட்டும் என்ன பாவம் பண்ணுனோம்?"

அதை அவர் சாதாரணமாகச் சொன்னார். காபி குடிக்கிறாயா என்று கேட்கிற மாதிரி. என் வீட்டுக்காரர் திரும்பி நின்று, "அவரு சொல்றதும் ஒரு வகையில நாயந்தானே" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்பெனி என் கண்முன்னால் நின்றது. அந்தக் கறியாவது தேறட்டும் என்றுதான் நினைத்தேன். இதையும் மறைக்கவில்லை.

ஞாயிறு காலை. தாய்ப்பன்றியின் கால்களைக் கட்டினோம். கட்டத் தேவையே இருக்கவில்லை. வாயில் ரத்தம் கலந்த நுரை. அண்ணன் ஓலையை அடுக்கிக்கொண்டிருந்தார். படலைத் திறந்துகொண்டு ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரர் வந்தார். கழுவிப் பளபளவென்று தேய்த்த குடம், தோளில் துண்டு.

"என்னக்கா, தாயை அறுக்கீக? சினையால்ல இருந்துச்சு?" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, "ஒங்க பக்கம் ஏதோ நாத்தம் அடிக்குதுன்னு எம் பொண்டாட்டி சொல்லுதா. எலி கிலி செத்துக் கெடக்கா மச்சான்?"

"எலிதாங்க மச்சான். பெரிய எலி" என்றார் அண்ணன். சிரித்தார். அவரும் சிரித்தார். குடத்தைப் படலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி மடித்து சுவரில் போட்டார். வேலை செய்யத்தானே வந்தார். கையை நீட்டிப் பன்றியின் முன்னங்காலைப் பிடிக்கக் குனிந்தார்.

"தொடாதீங்க" என்றேன்.

நிமிர்ந்தார்.

"அம்மிணி, பேசாம பொட்டாட்ட இரு" என்றார் அண்ணன்.

"தொடாதீங்க. சீக்கு. அண்ணன் பட்டி பூராச் செத்துப் போச்சு. என்ர பன்னியும் குட்டிய எறக்கிப் போட்டுருச்சு. தண்ணி தரமாட்டேன். குடத்தை எடுத்துட்டுப் போங்க. காலைக் கழுவிட்டு உங்க பட்டிக்குள்ள போங்க."

ஒரே மூச்சில் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர் பன்றியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "எத்தன நாளா?" என்று மட்டும் கேட்டார். "ரெண்டு வாரம்" என்றேன். சட்டையைக்கூட எடுக்காமல் ஓடைப் பக்கம் ஓடினார்.

அண்ணன் கத்தியைத் தரையில் எறிந்தார். "கூடப் பொறந்தவ செய்யற காரியமா இது? என்ர மானத்தைச் சந்தியில உட்டுட்டியே!"

"மானமா? ஓடையில நாய் இழுத்துட்டு இருக்குது, போய்ப் பொறுக்குங்க" என்றேன்.

அன்றோடு பேச்சு நின்றது. இன்றுவரை நின்றுதான் இருக்கிறது. நங்கை மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அழுதது கேட்டது. தாய்ப்பன்றியைக் கட்டவிழ்த்துவிட்டேன். மத்தியானம் செத்தது.

திங்கள்கிழமை வேன் ஏறவில்லை. கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சின்ன வயசுப் பெண். தண்ணீர் விஷயத்தைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "வேற யார் வீட்டுக்கும் குடுத்தீங்களா?" என்றாள். "இல்லைங்க. அந்த ஒண்ணைத்தான் உருப்படியாச் செஞ்சேன்" என்றேன். கறி தின்ற பையன்களைப் பற்றிக் கேட்டேன். மனுஷனுக்கு ஒட்டாது என்றாள். அண்ணன் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

அன்றைக்கே வந்து, செத்துக் கிடந்த தாய்ப்பன்றியின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். கேரளாவில் வந்த அதே சீக்கு என்று முடிவு வந்தது. ஜேசிபி வந்து ஓடைக்கு அந்தப் பக்கம் பெரிய குழி தோண்டியது. வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் வந்தார்கள். என் பட்டியில் கொல்ல ஒன்றும் இல்லை. அண்ணன் பட்டியிலும் இல்லை. நேராக ஓடையைத் தாண்டிப் போனார்கள்.

இது எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. சீக்கு வந்த வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிற எல்லாவற்றையும் அழிக்க வேண்டும் என்பது சட்டம். என் வீட்டுக்காரர் டிரைவர் சொன்னதாகச் சொல்லியும் இருந்தார். காதில் வாங்கினேன், மண்டையில் ஏறவில்லை. அவர் பட்டியில் ஒன்றுக்கும் காய்ச்சல் இல்லை. ஒன்று விடாமல் ஊசி போட்டார்கள். குட்டிகளைக் கூடையில் எடுத்து வந்தார்கள். ஆரோக்கியமான பன்றிகள் கத்துகிற கத்தல். அது சாயங்காலம்வரை நிற்கவில்லை. நான் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

குழியில் சுண்ணாம்பு போட்டு மூடிய பிறகு அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். சுவரில் விட்டுப்போன சட்டையைக் கேட்டார். துவைத்து மடித்து வைத்திருந்தேன். வாங்கிக்கொண்டார். போகவில்லை.

"ஏக்கா, ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு ஒண்ணுஞ் சொல்லாம நீங்க தண்ணியக் குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"உங்க பட்டி செத்துருக்கும்."

"இப்ப?"

நான் ஓடைக்கு அந்தப் பக்கம் குழியைப் பார்த்தேன்.

"சொல்லுங்கக்கா. இப்ப என்ன ஆச்சு?"

"உங்ககிட்டக் குட்டி வாங்கறவிய பட்டியெல்லாம் தப்பிச்சுதுங்க" என்றேன். "மூலனூர்ல இருக்கறவிய. அவியளுக்குத் தெரியாது. ஆனாத் தப்பிச்சாங்க."

"அவுக வந்து எம் பிள்ளைகளுக்குச் சோறு போடுவாகளா?"

சட்டையை உதறிப் போட்டுக்கொண்டார். பொத்தானைப் போட்டபடியே கேட்டார்: "ஒங்க கம்பெனில கட்டிங்குக்கு ஆள் எடுக்காகளா? கேட்டுச் சொல்லுங்க."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் சூப்பர்வைசரிடம் இரண்டு பேருக்காகக் கேட்டேன். ஒன்று அவருக்கு. இன்னொன்று, பொங்கலுக்குப் பிறகும் நான் நிற்க.